மாரடைப்பு என்ற சொல்லில் உள்ள அடைப்பு

'மாரடைப்பு' என்ற சொல்லின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. சொல்லாக்கம் என்ற அளவில் அதில் பழுதில்லை. மார், அடைப்பு இரண்டும் ஊர்ச்சொற்கள். எந்தக் குழுவும் கூடி உருவாக்காமல் மக்கள் வாயில் தாமாகவே நிலைபெற்றவை. குறை, அச்சொல் மனத்தில் எழுப்பும் படத்தில் இருக்கிறது. அடைப்பு என்றதும் குழாய் வந்துவிடுகிறது. குழாய் என்றதும் சமையலறைத் தொட்டியும் அதனடியில் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் குத்தி எடுக்கும் கம்பியும் வரிசையாக வந்துவிடுகின்றன. மதுரையில் எந்தத் தேநீர்க் கடையில் ஐந்து நிமிடம் நின்றாலும் "அவருக்கு மூணு பிளாக்காம், ஒண்ணு எழுபது பர்சன்ட், ஒண்ணு தொண்ணூறாம்" என்ற பேச்சைக் கேட்கலாம். பாதாளச் சாக்கடை வேலை பற்றிய பேச்சுக்கும் இதற்கும் தொனியில் வேறுபாடே இராது. (ஆங்கில மருத்துவம் பயன்படுத்தும் 'இன்ஃபார்க்‌ஷன்' என்ற சொல்லும் 'திணித்து அடைத்தல்' என்ற பொருள் கொண்ட இலத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். ஆகவே குற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று.)

இதனோடு சேர்ந்து புழங்கும் இன்னொரு சொல் 'பரம்பரை'. முன்பு தலையெழுத்து என்றார்கள். படித்தவர்கள் இப்போது ஜீன் என்கிறார்கள். சொல் மாறியதேயன்றி அதனுள் இருக்கும் நம்பிக்கை மாறவில்லை. எழுதியது எழுதியபடி நடக்கும் என்பதுதான் இரண்டிலும் சாரம்.

ஆக, நம்முடைய பேச்சில் இதயநோய் என்பது உயிரற்ற ஒரு குழாயும் மாற்ற முடியாத ஒரு சாசனமும் சேர்ந்தது. இவ்விரண்டு எண்ணங்களையும் ஒருசேரத் தகர்த்த அறிவுத்துறை ஒன்று கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்திருக்கிறது. இரத்தம் ஓடும் விதம், தமனியின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்களை எவ்வாறு மாற்றுகிறது, அவற்றுள் எந்த மரபணு விழித்திருக்கும் எது உறங்கும் என்பதை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதே அத்துறையின் பொருள். தமிழில் இது பெரும்பாலும் பேசப்படவில்லை. பேசுவதற்கான சொற்கள் நம்மிடம், குறிப்பாக வைகைப் பாசனத்தை நம்பி வாழ்ந்த இந்தச் சமவெளியில், ஏராளமாக இருந்தும் பேசப்படவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஒன்றின் கரையோரம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வாய்க்கால் நேராக ஓடும் இடத்தில் கரை சீராக இருக்கும். வளைகின்ற இடத்தில் வளைவின் உட்கரையில் நீர் தயங்கும். அங்கே எக்கல் தட்டும், கோரை முளைக்கும். வாய்க்கால் இரண்டாகப் பிரிகின்ற இடத்தில், நீர் நேராக வந்து மோதிப் பிளக்கும் முனை சுத்தமாகவே இருக்கும். அதற்கு எதிரே, ஓட்டம் விலகிப் போன வெளிக்கரையில்தான் மண் மேடிடும். மராமத்து வேலைக்கு வந்தவர்கள் வாய்க்கால் முழுவதையும் ஒரே சீராக வெட்டிக்கொண்டு போவதில்லை. எங்கே வெட்ட வேண்டும் என்பது ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நம் உடலிலும் தமனிக் கொழுப்புத் திட்டுகள் கண்ட இடத்தில் தோன்றுவதில்லை. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வில்லாக வளையும் இடத்தில், வளைவின் உட்புறத்தில் தோன்றுகின்றன. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், பிரிக்கும் முனையில் அல்ல, அதற்கு எதிரே சற்றுப் புடைத்த வெளிச்சுவரில் தோன்றுகின்றன. இதயத் தசைக்கு இரத்தம் தரும் தமனிகளில் கிளை பிரியும் இடங்களில் தோன்றுகின்றன. நேரான நீண்ட பகுதிகள் பெரிதும் தப்பிவிடுகின்றன. அத்தனை இடத்திலும் ஓடுவது ஒரே இரத்தம். அதே கொழுப்பு, அதே சர்க்கரை, புகைப்பவர் என்றால் அதே நிகோட்டின். மரபணுத் தொகுதியும் ஒன்றே. நோய் மட்டும் இடம் பார்த்து வருகிறது. 'குழாயில் பிசுக்குப் படிகிறது' என்ற விளக்கத்தை நிறுத்திக் கேள்வி கேட்க இந்த ஓர் உண்மையே போதும்.

இதை விளக்க முயன்றவர்களிடையே அறுபதுகளின் இறுதியில் சுவையான ஒரு முரண் எழுந்தது. 1968இல் அமெரிக்காவின் டொனால்ட் ஃப்ரை, நாய்களின் பெருந்தமனியில் ஓட்டத்தின் விசையை வலிந்து மிகுவித்தபோது உட்சுவரின் உயிரணுக்கள் சிதைவதைக் காட்டினார். வேகமான ஓட்டம் சுவரை அரிக்கிறது, அரித்த இடத்தில் நோய் பிடிக்கிறது என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. மறுவருடமே லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காலின் கேரோ, ஃபிட்ஸ்ஜெரால்டு, ஷ்ரோட்டர் ஆகிய மூவரும் 'நேச்சர்' இதழில் இதற்கு நேர்மாறாக எழுதினார்கள். மனிதத் தமனிகளில் தொடக்கநிலைத் திட்டுகள் இருப்பது விசை மிகுந்த இடங்களில் அல்ல, குறைந்த இடங்களில் என்பது அவர்கள் வாதம். 1985இல் அமெரிக்காவில் கூ, கிடன்ஸ், ஜாரின்ஸ், கிளாகோவ் ஆகியோர், இறந்தோரின் கழுத்துத் தமனிகளில் சுவர்த் தடிப்பை அளந்து, அதே வடிவில் செய்த மாதிரியில் ஓட்டத்தை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டனர். கேரோவின் பக்கமே தீர்ந்தது. ஒரு நுட்பம் மட்டும் கூடியது: விசை குறைவாக இருப்பதோடு, ஒவ்வொரு துடிப்பிலும் முன்னும் பின்னுமாகத் திசை மாறுகின்ற இடமே மிகவும் தடித்திருந்தது. நாளொன்றுக்கு இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அந்த வளைவிலிருக்கும் சுவர், ஒரு லட்சம் முறை திசை குழம்புகிறது.

இந்த விசைக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'சறுக்குப்பெயர்ச்சித் தகைவு' என்று பெயர் வைத்திருக்கின்றன. இயற்பியலுக்கு அது சரி. கரையை உரசிக்கொண்டு நீர் போகும்போது கரைமீது படும் அந்த மென்மையான இழுப்பை நான் 'வருடல்' என்றே இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன். நேரான தமனியில் இவ்வருடலின் அளவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 டைன். நோய் பிடிக்கும் இடங்களில் 4 டைனுக்கும் கீழே. இரத்த அழுத்தம் சுவரைத் தள்ளுகிற விசையோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாம் கையில் பட்டை கட்டி அளந்து, பயந்து, மாத்திரை விழுங்குவது அந்தப் பெரிய விசைக்காக. அதற்கு முன் ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தக்க இந்த வருடலைத்தான் சுவரின் உயிரணுக்கள் அவ்வளவு கூர்மையாக உணர்கின்றன.

வாய்க்கால் உவமை இந்த இடத்தில் முறிகிறது. எக்கல் தட்டுவது முழுக்க நீரின் வேலை. கரைக்கு அதில் பங்கில்லை. தமனியில் அப்படியில்லை. அங்கே கரைக்கு உயிர் இருக்கிறது.

தமனியின் உட்புறத்தில் ஓர் உயிரணுத் தடிப்பில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், ஒரு விரிப்பு இருக்கிறது. நம் பாடநூல்கள் 'எண்டோதீலியம்' என்று எழுதிவிடுகின்றன. இலங்கைத் தமிழர்கள் 'அகவணி' என்கிறார்கள். இவ்வளவு அழகான சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஏன் எழுத்துப்பெயர்ப்பில் திருப்தியடைகிறோம் என்று எனக்கு விளங்கியதில்லை. (நாம் தமனி, சிரை என்பதை அவர்கள் நாடி, நாளம் என்பார்கள். இரு நாட்டு மாணவர்கள் சேர்ந்து படித்தால் பெருங்குழப்பம் நேரும் என்பது வேறு விஷயம்.) இந்த அகவணியை நெடுங்காலம் வெறும் பூச்சு என்றே கருதினார்கள். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனை அந்த எண்ணத்தை மாற்றியது. ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளைச் சேர்த்தால் துண்டு தளர வேண்டும். அகவணி உரசி அழிந்துபோன துண்டுகள் தளரவில்லை. அகவணி இருந்தவை தளர்ந்தன. அந்தப் பூச்சு ஏதோ ஒரு செய்தியைக் கீழே உள்ள தசைக்கு அனுப்புகிறது என்பது தெரிந்தது. செய்தியைக் கொண்டுசெல்வது நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வாயு என்பது பின்னர் உறுதியாயிற்று. 1998இல் இதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1981இல் அமெரிக்காவில் டியூவி, கிம்ப்ரோன், டேவிஸ் முதலியோர் அகவணி உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் சீராகத் திரவத்தைச் சுழல விட்டார்கள். அசையாத திரவத்தில் அவை கூழாங்கல் பாவிய முற்றம்போல ஒழுங்கற்ற பலகோணங்களாகக் கிடந்தன. ஓட்டம் தொடங்கிய ஓரிரு நாட்களில் அவை நீண்டு, ஓட்டத்தின் திசையில் வரிசையாகத் திரும்பிக்கொண்டன. நேரான தமனியில் நாம் காண்பது இந்த இரண்டாவது கோலம். வளைவிலும் பிரிவிலும் காண்பது முதலாவது. அதாவது உயிரணுவின் உருவத்தைப் பார்த்தே அது எந்தக் கரையில் வாழ்ந்தது என்று சொல்லிவிடலாம்.

உருவம் மாறினால் உள்ளே என்ன மாறும்? அங்கேதான் மரபணு வருகிறது. 2002இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், சீரான ஓட்டத்தில் பல நாட்கள் வைத்த அகவணி உயிரணுக்களில் 'கேஎல்எஃப்2' என்ற மரபணு எழுச்சி பெறுவதைக் கண்டார்கள். மனிதத் தமனிகளை எடுத்துப் பார்த்தபோது நேரான பகுதிகளில் அது விழித்திருந்தது. கிளை பிரியும் நோய்ப்பாங்கான இடங்களில் அதைக் காண முடியவில்லை. இது தனியொரு வேலை செய்யும் மரபணு அன்று. வேறு பல மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் வல்லது. இது விழித்திருக்கும் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது, இரத்தம் உறைவது தடுக்கப்படுகிறது, அழற்சி அடங்கியிருக்கிறது. இது உறங்கும் இடத்தில் அகவணி உயிரணுக்கள் விரைவாக மடிந்து விரைவாகப் பிறக்கின்றன. அவற்றின் இணைப்புகளில் கசிவு ஏற்படுகிறது. கொழுப்புத் துகள்கள் உள்ளே நுழைகின்றன. அத்தோடு நில்லாமல், போகிற வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் பிசின் போன்ற மூலக்கூறுகளைச் சுவரே தன்மேல் நீட்டுகிறது. வெள்ளணுக்கள் உள்ளே போய்க் கொழுப்பை விழுங்கி ஊதிப் பருத்து அங்கேயே தங்கிவிடுகின்றன. நாம் 'படிவு' என்று சொல்வது உண்மையில் ஒரு குடியேற்றம். கதவைத் திறந்துவிட்டதும் சுவர்தான்.

வைகையைத் தினமும் பாலத்தின் மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. நீர் ஓடிய காலத்தில் இங்கே மணலும் நாணலும் இருந்தன. ஓட்டம் நின்ற இடங்களில் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது. கழிவுநீர் தேங்கிய இடங்களில் ஆகாயத்தாமரை. மண்ணுக்குள் எல்லா விதையும் கிடக்கிறது. எது முளைக்கும் என்பதை ஓட்டம் முடிவு செய்கிறது. 'மரபணு வெளிப்பாடு' என்று நம் கலைச்சொல் அகராதிகள் தரும் தொடரைவிட 'முளைத்தல்' என்ற சொல் என் மாணவர்களுக்குப் பத்து மடங்கு எளிதில் புரிகிறது.

அயல்நாட்டு ஆய்வுகளில் என்னை மிகவும் ஈர்த்தது அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஹான்ஜூங் ஜோ என்பவரின் குழு 2009இல் வெளியிட்ட ஒன்று. கொழுப்பு எளிதில் சேரும்படி மரபணு மாற்றிய சுண்டெலியை எடுத்துக்கொண்டார்கள். அதன் இடது கழுத்துத் தமனியின் நான்கு கிளைகளில் மூன்றைக் கட்டிவிட்டார்கள். வலது பக்கத்தைத் தொடவில்லை. கொழுப்புமிக்க தீனி கொடுத்தார்கள். இடது தமனியில் ஓட்டம் குறைந்து, முன்னும் பின்னுமாக அலைந்தது. இரண்டே வாரத்தில் இடப்பக்கம் நோய் பிடித்துவிட்டது. வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. ஒரே எலி, ஒரே மரபணு, ஒரே இரத்தம், ஒரே தீனி. வேறுபட்டது ஓட்டம் மட்டும். ஜீன்தான் எல்லாம் என்று பேசுகிறவர்களிடமும் கொழுப்புதான் எல்லாம் என்று பேசுகிறவர்களிடமும் நான் இந்த எலியைத்தான் முன்வைக்கிறேன். உடனே சேர்த்துச் சொல்ல வேண்டும்: கொழுப்பும் குற்றமற்றதன்று. கொழுப்பு மிகுந்த இரத்தம் இல்லாதிருந்தால் அந்த இடது தமனியிலும் இவ்வளவு விரைவாக நோய் வந்திராது. ஓட்டம் இடத்தைத் தேர்கிறது. கொழுப்பும் புகையும் சர்க்கரையும் மிகை அழுத்தமும் அங்கே வந்து குடியேறுகின்றன.

அதே குழு 2014இல் இன்னும் ஒரு படி உள்ளே சென்றது. குழம்பிய ஓட்டத்தில் கிடந்த அகவணி உயிரணுக்களின் மரபுப்பொருளில், சில மரபணுக்களின் முகப்பில் மெத்தில் என்னும் சிறு வேதிக்கூறுகள் ஏறி அமர்ந்து அவற்றை வாயடைத்திருப்பதைக் கண்டார்கள். அப்படி அமர்வதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது எலிகளில் நோய் குறைந்தது. இங்கே மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியே அன்று. ககரத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தால் அதன் உயிர் அடங்கிவிடுகிறது. எழுத்து அதே எழுத்துதான். நம் ஏட்டுச்சுவடிகளில் புள்ளி இடும் வழக்கம் அருகியிருந்ததால் ஒரே எழுத்துக்கோவையை இரண்டு மூன்று விதமாக வாசிக்க முடிந்தது. பதிப்பாசிரியர்கள் இடம் நோக்கி, பொருள் நோக்கிப் புள்ளியை முடிவு செய்தார்கள். உடலில் அந்தப் பதிப்பு வேலையின் ஒரு பகுதியை ஓட்டம் செய்கிறது. மரபணுவைச் சாசனம் என்று எண்ணுவோர், வாசிக்கப்படாத சாசனம் எதையும் ஆள்வதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மதுரைக்கு வருகிறேன். 2009 ஜனவரியில் 'நேச்சர் ஜெனிட்டிக்ஸ்' இதழில், நம் காமராசர் பல்கலைக்கழக உயிரியல் புலத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஒரு கட்டுரை வந்தது. இதயத் தசையின் புரதம் ஒன்றுக்குரிய மரபணுவில் 25 எழுத்திணைகள் விடுபட்டிருப்பது, இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது என்றும், அது இருப்போர்க்கு இதயச் செயலிழப்பு நேரும் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு மிகுதி என்றும் அது கூறியது. நம் ஊரிலிருந்து இத்தகைய ஆய்வு எழுந்ததில் பெருமைப்பட நிறைய உண்டு; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது ஊர்ப்பேச்சில் இறங்கியபோது 'இந்தியர்களின் மாரடைப்பு ஜீன்' ஆகிவிட்டது. அந்த ஆய்வு பேசியது தசை தளரும் நோயைப் பற்றி. தமனி நோயைப் பற்றி அன்று. இரண்டும் 'ஹார்ட் பிராப்ளம்' என்ற ஒரே சாக்கில் கட்டப்பட்டுவிட்டன. பின்னர் 2018இலும் 2020இலும் வந்த ஆய்வுகள், தசை தடிக்கும் நோயைப் பொறுத்தவரை அந்த விடுபாடு தனியாக அல்ல, அதைச் சுமப்போரில் சிறுபகுதியினரிடம் உடன் காணப்படும் வேறு மாற்றமே முக்கியம் என்ற திசையில் சென்றன. அதாவது அங்கேயும் ஓர் எழுத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லிவிட முடியவில்லை.

இது வெறும் சொல் தகராறு அன்று. வரன் பார்க்கும் இடங்களில் "அந்தக் குடும்பத்துல நெஞ்சுவலி பரம்பரையா வருதாம்" என்ற ஒரு வாக்கியம் ஒரு பெண்ணின் சம்பந்தத்தை முறித்திருப்பதை நான் அறிவேன். என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் தந்தையையும் தமையனையும் ஐம்பதுகளில் இழந்தவர். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை அவர் தொடர்ந்து உண்பதில்லை. கேட்டால், "எழுதி வச்சது சார், நாம என்ன பண்ண?" என்கிறார். அவர் முனைவர் பட்டம் பெற்றவர். 2004இல் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, புகை, கொழுப்பு, சர்க்கரை, அழுத்தம், தொந்தி, மன உளைச்சல், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை முதலிய ஒன்பது காரணிகள் முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதை விளக்கிவிடுகின்றன என்று காட்டியது. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2007இல் வந்த கட்டுரையில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்றும், பிற நாட்டவர்க்கு ஏறத்தாழ 59 என்றும் கண்டார்கள். இந்த ஆறாண்டு வேறுபாட்டையும் பெரும்பாலும் அந்தக் காரணிகளே விளக்கின. நம்மவரிடம் அவை இளவயதிலேயே வந்துவிடுகின்றன. பரம்பரை இல்லை என்று நான் வாதிட வரவில்லை. பிறவியிலேயே கொழுப்பு மிகும் குடும்பங்கள் உண்டு. தந்தை இளவயதில் இறந்திருந்தால் மகன் முன்கூட்டியே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். நண்பரோ அதையே போகாமலிருப்பதற்குக் காரணமாக்கிக்கொண்டார்.

கலைச்சொல்லாக்கக் கருத்தரங்குகளில் நான் கலந்துகொண்டதுண்டு. இரண்டு நாள் விவாதித்து 'எக்ஸ்பிரஷன்' என்பதற்கு வெளிப்பாடா வெளியீடா என்று முடிவெடுத்து, பொன்னாடை போர்த்திக் கலைவார்கள். அறிவியல் தமிழ் என்றால் சொற்பட்டியல் என்று ஆகிப்போனது. நீரோட்டத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துப் பெயரிட்ட மடை, மதகு, கலுங்கு, சுழி, மடு, கடைமடை போன்ற சொற்களை, உடலின் ஓட்டத்தை விளக்க எடுத்தாளலாம் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றுவதில்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது. இதைச் சொன்னதும் "நாடி பார்த்த சித்தர்கள் இதையெல்லாம் அன்றே அறிந்திருந்தார்கள்" என்று தொடங்கிவிடும். அறிந்திருக்கவில்லை. கேஎல்எஃப்2 என்ற மரபணு ஓட்டத்திற்கு விழிக்கிறது என்பதை உயிரணு வளர்ப்பும் மூலக்கூறு உயிரியலும் இல்லாமல் எவரும் அறிய முடியாது. நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்றது விடையை அன்று, விடையைச் சொல்ல உதவும் மொழியை. அது சிறிய சொத்தா என்ன?

கரைக்கு உயிர் உண்டு என்று எண்ணிப் பழகினால் மருத்துவமனையில் காணும் பல செய்திகள் வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன. மாற்றுவழி அறுவையில் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து இதயத்தில் தைக்கிறார்கள். அது தாழ்ந்த அழுத்தத்தில், மெதுவான சீரான ஓட்டத்தில் வாழ்ந்து பழகியது. திடீரென்று தமனியின் துடிப்புக்கு நடுவே குடிபெயர்க்கப்படுகிறது. அதன் மரபணு மாறவில்லை, ஆனால் அதன் சுவர் தடிக்கத் தொடங்குகிறது. பத்தாண்டுகளில் இத்தகைய சிரைகளில் பாதியளவு பழுதாகிவிடுகின்றன. அதே அறுவையில் மார்புச் சுவரின் உட்புறத் தமனியை இதயத்தில் இணைத்தால் பத்தில் ஒன்பது பத்தாண்டுக்குப் பின்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குழாய்க்குக் குழாய் என்ன வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு இது புதிராக இருக்கும். புலம்பெயர்ந்தோரின் எழுத்தை வாசித்தவர்களுக்குப் புதிராக இராது. கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை, கொழுப்பைக் குறைப்பதோடு அகவணியில் கேஎல்எஃப்2 மரபணுவையும் எழுப்புகிறது என்று 2005இல் ஆய்வகங்களில் கண்டார்கள். நண்பர் உண்ணாமல் வைத்திருக்கும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

மாத்திரை இல்லாமலும் எழுப்ப முடியும் என்பதற்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஆய்வு சான்று. மாற்றுவழி அறுவைக்குக் காத்திருந்த நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு நான்கு வாரம் ஒழுங்கான உடற்பயிற்சி கொடுத்தார்கள். அறுவையின்போது அவர்களுடைய மார்புத் தமனியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதியின் அளவும் அதன் செயலூக்கமும் பயிற்சி செய்யாதவர்களைவிடக் கூடியிருந்தன. 2003இல் வெளியான முடிவு இது. நடக்கும்போதும் மிதிவண்டி மிதிக்கும்போதும் ஓட்டம் மிகுகிறது, வருடல் மிகுகிறது, கரை அதற்கு மறுமொழி சொல்கிறது. மறுதலையும் உண்மை. அமெரிக்காவின் மிசௌரியில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த இளைஞர்களின் முழங்கால் பின்புறத் தமனி, ஓட்டத்திற்கேற்ப விரியும் திறனை வெகுவாக இழந்திருந்தது. பத்து நிமிடம் நடக்கவிட்டதும் திரும்பப் பெற்றது.

ஆறு மணி நேரம் என்பது எங்கள் கல்லூரியில் விடைத்தாள் திருத்தும் ஒரு நாள். பத்து நிமிடம் என்பது வண்டியூர் தெப்பக்குளத்தின் நான்கு கரையையும் சற்று வேகமாக ஒருமுறை சுற்றிவரத் தேவைப்படும் நேரத்திற்குக் கொஞ்சம் குறைவு. விடியற்காலையில் அங்கே நல்ல கூட்டம் இருக்கிறது. மாலையில் வாகனங்களுக்கும் பஜ்ஜிக் கடைகளுக்கும் நடுவே நடக்கத்தான் இடம் தேட வேண்டும்.